தண்ணீர் கேட்காத செடி

கேக்கைத் திருப்பி அனுப்பிய அதே நாளில்தான் அந்தப் பெட்டிகள் தோட்டத்துக்குள் வந்தன.

டயகமவுக்கு மேலே, ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அங்கே மீன், இறைச்சி, முட்டை எதுவும் நுழையக் கூடாது. மீன் லொறிக்காரரே அந்த நாட்களில் டவுனோடு திரும்பிவிடுவார். போதாததற்குக் கோயில் கமிட்டி, தோட்டத்துக்குள் திரும்பும் முடக்கில் இரண்டு இளைஞர்களை நிறுத்தி, வருகிற பைகளையெல்லாம் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தது. அவர்கள் பார்ப்பதோடு நிற்காமல் முகர்ந்தும் பார்த்தார்கள். அன்று காலை, பாடசாலை டீச்சர் ஒருவருக்கு ஹட்டனிலிருந்து வந்த பிறந்தநாள் கேக், முட்டை போட்டதா போடாததா என்று நெடுநேரம் விசாரிக்கப்பட்டு, கடைசியில் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு வந்தது ஓர் ஆட்டோ. பின் சீட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள். கஜேந்திரன் டிரைவருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தான்.

"என்னாண்ணே இது?"

"செடிடா. தேருக்கு."

ஒருவன் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான். அட்டையும் பெயின்டும் கலந்த வாசனை. உள்ளே பச்சைப் பசேலென்று, ஓடையோரப் பெரணியான பன்னம் மாதிரி மெல்லிய கிளைகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

"வாடிராதா?"

"வாடாது. தண்ணியே கேக்காது. வெயிலும் கேக்காது. வருஷக்கணக்கா இப்பிடியே நிக்கும்."

"தோட்டத் தொரைக்குச் சொல்லுங்கண்ணே. ஒன்னுமே கேக்காத செடின்னா தோட்டம் பூரா நட்டுருவாரு."

ஆட்டோ மேலே ஏறியது.

கஜேந்திரனுக்குத் தோட்டத்தில் 'தெறப்பு விழா' என்று ஒரு பெயர் உண்டு. எதையும் தொடங்குவான், எதுவும் நிற்காது. கொழும்பில் உடுப்புக் கடையில் இருந்தான், கடை மூடியது. ஊருக்கு வந்து போன் திருத்தினான். பிறகு காளான் வளர்த்தான். பிறகு நுவரெலியா மார்க்கட்டில் லீக்ஸ் மூட்டை ஏற்றினான். இப்போது அங்கேயே பூச்செடி விற்கிற ஒருவரிடம் வேலை. அந்தக் கடையில்தான் தண்ணீர் கேட்காத செடியைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தேர் அவன் கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது.

வழக்கமாகத் தேர் கட்டுகிறவன் அழகன். அவனுடைய அலங்காரம் காகிதப் பூ. போன வருஷம் மழை கொட்டி, காகிதத்தின் சாயம் ஓடி, அம்மனின் மஞ்சள் சேலை நடுவழியில் கத்தரிப்பூ நிறமானது. கமிட்டி இந்த வருஷம் காகிதமும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த இடைவெளியில் கஜேந்திரன் புகுந்தான். கமிட்டித் தலைவர் மாயாண்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி, இந்த மொற தேர் ஒன் கையில. நல்லா வந்தா வருஷா வருஷம் ஒனக்குத்தான். பக்கத்துத் தோட்டத்துக்கும் நானே சொல்லிவிடுறேன். கெடுத்துப்புட்டன்னு வையி, அதோட கோயில் வேலைக்கு ஒன் பேர எவனும் எடுக்க மாட்டான். நானும் எடுக்க விடமாட்டேன்."

கஜேந்திரன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தேருக்கு முதல்நாள் மத்தியானம் அவன் தங்கை பிரேமினி கோயில் பக்கம் போனாள். பிரேமினி விலங்கியல் படித்தவள். மட்டக்களப்புப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும் நேரத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளிடம் மட்டும் நன்றாகப் பேசுவாள். பெரியவர்களைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம் என்பான் அண்ணன்.

ட்ரெக்டர் பெட்டியின் மேல் தேர் எழும்பி நின்றது. கஜேந்திரன் அசத்தியிருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மூங்கில் வளைவுகள் முழுக்க அந்தப் பச்சை. பனி இறங்கிக்கொண்டிருந்ததால் பச்சைக்கு மேல் ஒரு பளபளப்பு. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அழகன்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான், பல் பிடுங்கியவன் மாதிரி.

பிரேமினி ஒரு கிளையைத் தொட்டாள். விரல் நுனியில் பச்சை ஒட்டியது.

அவள் மறுபடியும் தொட்டாள். இலையின் குளிர்ச்சி இல்லை. நரம்பு இல்லை. வெட்டிப்போட்ட நகத்தைத் தொடுவது போல் இருந்தது. ஒரு சின்னக் கிளையை ஒடித்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் ஜன்னலோரம் நின்று, பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த, உருப்பெருக்கும் கை வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

கிளையின் இரண்டு பக்கமும், எதிரெதிராக, சோடி சோடியாகச் சின்னஞ்சிறு கிண்ணங்கள். தண்டோடு ஒட்டி, வாய் வெளிப்பக்கம் வளைந்து. நுனி வரைக்கும் கிண்ணங்கள்தான். இலை என்று ஒன்று எங்கேயும் இல்லை.

"அட, நீயா," என்றாள் பிரேமினி.

அவளுக்கு அதை அடையாளம் தெரியாமல் போகாது. அது ஹைட்ராய்ட். செர்ட்டுலாரியா என்ற இனம். கடலடியில், சிப்பி ஓட்டிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு செடி மாதிரி வளரும் பிராணிக் கூட்டம். இறுதி வருஷ ஆய்வுக்காக அவள் கல்குடாப் பாறைகளில் தேடித் தேடிச் சுரண்டி எடுத்தது இதன் சொந்தக்காரர்களைத்தான். அவளுடைய பொக்கிஷம் அது. வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் அதைப் பற்றி ஒரு சொல்லும் வராமல் நின்றதும் நடந்தது. அது வேறு கதை. குளிர்க்கடல்களில் இதே இனம் முழங்கை நீளத்துக்கு வளரும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தாள். அங்கே படகுகள் கடலடியைச் சீப்பால் வாருவது போல் வாரி இதை அள்ளிவரும். காயவைத்து, பச்சைச் சாயத்தில் முக்கி, அலங்காரத்துக்கு விற்பார்கள். படித்தபோது சிரித்திருக்கிறாள். யாரோ எங்கேயோ ஏமாறுகிறார்கள் என்று.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஊரே முட்டைக்குப் பயந்து கேக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அம்மன் ஏறப்போகும் தேரில் தலையிலிருந்து சக்கரம் வரைக்கும் செத்த பிராணி.

கஜேந்திரன் கயிறு எடுக்க வீட்டுக்கு வந்தான். அம்மா அம்மாக்கண்ணு, கோயில் விளக்குகளைக் கழுவ, பீலித் தண்ணீர் விழும் இடத்துக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, அது செடி இல்ல."

"எது?"

"தேர்ல கட்டியிருக்கிறது. அது கடல் பிராணி. செத்துப் போனது. சாயம் போட்டிருக்காங்க."

கஜேந்திரன் கயிற்றைத் தோளில் போட்டபடி அவளைப் பார்த்தான். "பச்சையா இருக்கு. கெளை இருக்கு. இலை இருக்கு. பிராணியாம்."

"இலை இல்லண்ணே. எல்லாம் கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளயும் ஒரு பிராணி இருந்திச்சு. கையெல்லாம் நீட்டி இரை புடிக்கும்."

"அதுக்குக் கையா? காலு எங்க, சந்தைக்குப் போயிருச்சா?" அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. தங்கை தேவையில்லாமல் வாயைத் திறக்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். "புள்ள, ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா? கடைக்காரரு செடின்னுதான் குடுத்தாரு. சும்மா யுனிவர்சிட்டில படிச்சத வச்சிக்கிட்டு..."

"எரிச்சுப் பாருங்க. இலைன்னா வைக்கோல் வாசம் வரும். இதோட கிண்ணம் றால் ஓடு மாதிரி. மயிர் கருகுற மாதிரி நாறும்."

பிரேமினி தன் வாழ்க்கையில் செய்த மோசமான பரிசோதனை அதுதான். முறையில் தவறு இல்லை. இடம்தான் தவறு.

அடுப்படியில் நெருப்புக் குச்சியைக் கிழித்துக் கிளைக்கு வைத்தாள். அது சடசடவென்று சுருண்டது. முதலில் சாயத்தின் நெடி. பிறகு மயிர் கருகும் வாடை. அதற்கும் பின்னால், மெதுவாக, வெட்கமே இல்லாமல், கருவாடு.

கஜேந்திரன் கயிற்றைக் கீழே போட்டான்.

அவர்கள் இருந்தது பழைய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா எனப்படும் அறைகள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள். பக்கத்துக் காம்பராவில் வேலாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்கண்ணு அக்கா," என்று சுவருக்கு மேலாகக் குரல் வந்தது. "ஒங்க வீட்டுல யாரு கருவாடு சுடுறது?"

பிரேமினி கிளையை அடுப்புச் சாம்பலுக்குள் செருகினாள்.

"அக்கோவ்."

"அக்கா இல்ல, அம்மா பீலியில இருக்காங்க," என்றான் கஜேந்திரன். "செருப்பு எரிஞ்சிருச்சு."

"அது என்னா செருப்பு, நெத்திலி வாசம் வருது?"

வேலாயி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் வாய்க்குக் கதவும் இல்லை. செய்தி லயத்தின் நீளத்துக்கு ஓடியது. நாலாவது வீட்டில் நெத்திலி கட்டாக் கருவாடானது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அம்மாக்கண்ணு வீட்டில் ஆட்டுக்கால் வேகிறது. கழுவிய விளக்குகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு பீலியிலிருந்து வந்தபோது, நேற்றுவரை அக்கா, மதினி என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வாசலில் நின்று அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மாயாண்டி ஆளனுப்பினார். கோயிலுக்கு வரச்சொல்லி.

கோயில் முற்றத்தில் நல்ல கூட்டம். வேலை விட்டு வந்தவர்கள், கூடை தோளில் இருக்கிறவர்கள், ட்ரெக்டர் டிரைவர் றோலண்ட். றோலண்ட் கத்தோலிக்கர். ஆனாலும் காப்புக் கட்டினால் அவர் வீட்டுச் சட்டியிலும் மரக்கறிதான். தேரை ஓட்டுகிறவன் நான் அல்லவா என்பார்.

அம்மாக்கண்ணு நடுவில் நின்றாள். மஞ்சள் சேலை. காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு. கோபம் வந்தால் அவள் குரல் உயராது. தாழும்.

"நான் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு வெளக்குக் கழுவிக்கிட்டு இருந்தேன் தலைவரே. என் வீட்டுல கருவாடு வெந்திச்சுன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. எம்புள்ளைங்களக் கேளுங்க."

"வாடை வந்திச்சு," என்றாள் வேலாயி. "நான் பொய் சொல்லல அக்கா. என் மூக்கு சொல்லுது."

மாயாண்டி கஜேந்திரனைப் பார்த்தார். "என்னாடா எரிச்ச?"

கஜேந்திரன் தேரைப் பார்த்தான். பச்சை பளபளத்தது. செருப்பு என்று இன்னொரு முறை சொல்ல அவனாலும் முடியவில்லை. சொன்னால் அம்மா குற்றவாளி. உண்மையைச் சொன்னால் அவன்.

மூன்று பேராசிரியர்களுக்கு முன்னாலேயே பிரேமினியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கே முந்நூறு கண்கள். ஆனால் அம்மா தலை குனிந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

"நான்தான் எரிச்சேன்," என்றாள். "கருவாடு இல்ல. தேர்ல இருக்கிறதுல ஒரு கெளைய."

பிறகு நிறுத்த முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இது செடி இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் பிராணி. தனி ஒன்று இல்லை, கூட்டம்.

"கூட்டம்னா?" என்றார் மாயாண்டி.

பிரேமினி யோசித்தாள். பிள்ளைகளுக்கு என்றால் எப்படிச் சொல்வாள்?

"லயம் மாதிரிங்க. நடுவுல ஒரு தண்டு. ரெண்டு பக்கமும் காம்பரா. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு ஆள். ஆபத்துன்னா உள்ளுக்குப் போயிக் கதவச் சாத்திக்குவாங்க. உண்மையாவே சின்னதா ஒரு கதவு இருக்கு. வெளிய கைய நீட்டி, போற வர்ற சின்னப் பூச்சியக் கொட்டிப் புடிப்பாங்க. ஆனா வயிறு மட்டும் எல்லாத்துக்கும் ஒன்னு. ஒருத்தர் சாப்பிட்டா அது தண்டு வழியா எல்லாருக்கும் போயிரும்."

"அந்த லயத்துல எனக்கு ஒரு காம்பரா பாத்துக் குடு புள்ள," என்றாள் வேலாயி.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பிரேமினிக்கு நல்லது செய்தது.

"குட்டி போடுறதுக்குன்னு தனியாக் கொஞ்சப் பேரு இருப்பாங்க. அவங்களுக்கு வாயே கெடையாது. மத்தவங்க சாப்பிட்டு அவங்களுக்கு அனுப்பணும்."

"வாய் இல்லாத பிள்ளத்தாச்சியா," என்றது ஒரு ஆண் குரல். "குடுத்து வச்ச புருசன்."

"ஒனக்கு வாய் இருந்து என்னாத்தக் கிழிச்ச?" என்றது ஒரு பெண் குரல், பின்னாலிருந்தே.

"குட்டி கொஞ்ச நேரந்தான் தண்ணியில அலையும். பெறகு ஒரு சிப்பியில போயி ஒட்டிக்கும். ஒட்டினா அதோட சரி. எடம் மாறாது. அதுக்குப் பக்கத்துலயே அடுத்த காம்பரா முளைக்கும், அதுக்குப் பக்கத்துல அடுத்தது. அப்பிடியே இவ்வளவு பெரிசாகிரும்."

"தனிக்குடித்தனம் போகாத சாதி," என்றார் றோலண்ட்.

எல்லாரும் தேரைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்வரைக்கும் பச்சையாகத் தெரிந்தது இப்போது காம்பரா காம்பராவாகத் தெரிந்தது போல. முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

அழகன் தொண்டையைச் செருமினான். "அப்ப கேக்க முடக்குல நிப்பாட்டிப்புட்டு, ஆட்டோ நெறைய பொணத்த உள்ள விட்டிருக்கோம்."

முடக்கில் நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் தெரிஞ்சா செஞ்சேன்?" என்றான் கஜேந்திரன்.

அப்போதுதான் அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். தன் மேல் பழி இல்லை என்று ஆனதும் அவளுக்கு மகன் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏன் தலைவரே, கோயில்ல சங்கு ஊதுறீங்களே, அது தேயிலையிலயா காய்க்குது?"

அவள் கை கோயில் பக்கம் நீண்டது.

"அதுவும் கடல்ல கெடந்த பிராணியோட ஓடுதானே. அம்மனுக்கு முன்னால வச்சி ஊதலையா? பூசாரி கையில பவள மோதரம். அது என்னா கொழுந்தா? பட்டுச் சேல சாத்துறோம். பூச்சி கட்டின கூடுதானே?"

இப்படி ஒரு கேள்வியை மாயாண்டி எதிர்பார்க்கவில்லை. அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி மோதிர விரலை மடக்கிக்கொண்டார். பேச்சு நாலாபக்கமும் கிளம்பியது. சங்கு வேறு, இது வேறு என்றார்கள். எப்படி வேறு என்று கேட்டார்கள். தேன் சுத்தமா இல்லையா என்று ஒருவர் புதிதாக ஒன்றைக் கிளப்பி, அடக்கப்பட்டார். பவளம் இந்த ஹைட்ராய்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்பது பிரேமினிக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

மாயாண்டி கையை உயர்த்தினார். யூனியன் கூட்டங்களில் பழகிய கை. சத்தம் நின்றது.

"சங்குல சதை கெடையாது. கழுவி எடுத்த ஓடு. வீடு மட்டுந்தான், ஆள் இல்ல. அது சுத்தம். இதுவும் அப்பிடி வெறும் வீடுதான்னா தேர் இப்பிடியே போகட்டும். நான் பொறுப்பு. உள்ளுக்கு ஆள் இருக்குன்னா அது மாமிசம். தேர்ல ஏறாது." அவர் பிரேமினி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. வெறும் கிண்ணமா, உள்ளுக்கு எதுவும் இருக்கா?"

வில்லை அவள் கையிலேயே இருந்தது. தேருக்குப் பக்கத்தில் போனாள். கஜேந்திரனும் கூடவே வந்து நின்றான். அவன் மூச்சு அவள் காதில் கேட்டது. வெறும் கிண்ணமாக இருக்க வேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள், எந்தச் சாமியிடம் என்று தெரியாமல்.

முதல் கிளை. வெறும் கிண்ணங்கள். அடுத்த கிளையும் வெறுமை. அவளுக்கு உயிர் வந்தது. மூன்றாவதைத் திருப்பினாள். கிண்ணத்தின் அடியில், கடுகில் நூறில் ஒரு பங்கு இருக்கும், பழுப்பாக ஒரு சுருக்கம். பக்கத்துக் கிண்ணத்திலும். அதற்கடுத்ததிலும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே காய்ந்து போனவர்கள்.

இந்த முற்றத்தில் அதைப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இல்லை என்று சொன்னால் இல்லைதான். அண்ணன் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இருக்கு," என்றாள்.

பழைய பிரேமினியின் குரல். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் கேட்டது.

"என்னா சொல்றா?" என்று மாயாண்டி கேட்டார். "கேக்கல. டேய் கஜேந்திரா, ஒன் தங்கச்சி என்னா சொல்றா?"

முற்றமே கஜேந்திரனைப் பார்த்தது. அவன் தேரைப் பார்த்தான். இராத்திரி பகலாகக் கட்டிய தேர். ஒரு மூங்கிலில்கூட முடிச்சு வெளியே தெரியாது. ஒரே ஒரு சொல் போதும். தங்கை மறுத்துப் பேசமாட்டாள். பேசினாலும் யாருக்கும் கேட்காது.

அவன் தேரிலிருந்து கண்ணை எடுத்தான்.

"இருக்குன்னு சொல்றா தலைவரே. உள்ளுக்கு ஆள் இருக்காம்."

சொல்லிவிட்டு அவனே ட்ரெக்டர் பெட்டியில் ஏறி, உச்சியில் இருந்த கொத்தை முதலில் பிடுங்கினான். பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டான். பெட்டிகளில் அள்ளியதை முடக்கில் நின்ற இருவரும் தலையில் வைத்து, தோட்டத்து எல்லைக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஆற்றில் போடலாமா என்று கேட்டதற்குப் பிரேமினி சாயத்தைப் பற்றி ஒரு சின்ன விரிவுரை நடத்தி, டவுனுக்கே திருப்பி அனுப்பவைத்தாள். ஒரு கைப்பிடியை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்து, அதையும் டவுனில் ஒரு சிநேகிதி வீட்டில் வைக்கச் சொன்னாள்.

வேலாயி அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா. ஆனா என் மூக்கு தப்பாச் சொல்லல, பாத்தீங்களா."

"ஒன் மூக்க அறுத்து முடக்குல காவலுக்கு வையி," என்றாள் அம்மாக்கண்ணு.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வெறும் மூங்கில் எலும்புக்கூடாகத் தேர் நின்றது. அதன் மேல் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான், இறங்கும் எண்ணமே இல்லாதவன் மாதிரி. நாளைக்கு மத்தியானம் தேர் கிளம்ப வேண்டும்.

மாயாண்டி அழகனைப் பார்த்தார். அழகன் அதற்காகவே காத்திருந்தவன் போல் ஒரு கணம் நிமிர்ந்து, மேலே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, திரும்பவும் தொய்ந்தான்.

"என்னய ஏன் பாக்குறீங்க? கட்டுனவன் அவன். அவனையே முடிக்கச் சொல்லுங்க." பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "டேய் தெறப்பு விழா, எறங்குடா. ஓடைப் பக்கம் நெசப் பன்னம் ஏராளமாக் கெடக்கு. நெசமாச் செடி. ஒன் தங்கச்சிகிட்ட கேட்டுக்கிட்டே வெட்டு."

மறுநாள் விடிந்ததும் பாதி லயம் ஓடையில் நின்றது. கொழுந்து பறிக்கிற கைகள் பன்னத்தை வாரிக் குவித்தன. வேலாயி ஒவ்வொரு கட்டையும் முகர்ந்து பார்த்துத்தான் மேலே அனுப்பினாள். பிரேமினி ஓர் இலையின் பின்பக்கத்தைத் திருப்பி, வரிசையாக இருந்த பழுப்புப் புள்ளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். அது வித்தி, பன்னத்துக்கு விதை மாதிரி, பயப்பட வேண்டாம் என்று சொன்னாள்.

தேர் மத்தியானம் கிளம்பியது. நேற்றையதைவிட அடர்த்தியாக, ஈரம் சொட்டச் சொட்ட. கஜேந்திரன் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான்.

மேல் பிரிவு லயத்தைத் தாண்டும் முன்பே வெயில் வந்துவிட்டது. வெட்டிய பன்னம் வெயிலுக்கு நிற்காது. நுனிகள் சுருண்டன. பிறகு ஓரங்கள். இரண்டாவது லயத்தில் நிறைகுடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் தேரின் ஒரு பக்கம் காய்ந்த புகையிலை மாதிரி தொங்கியது. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

கஜேந்திரன் கத்தியை எடுத்துக்கொண்டு தேருக்கு முன்னால் ஓடினான். ரோட்டோர மண்ணணையில் தாவி ஏறி, கை கொள்ளுமளவு பன்னத்தை வெட்டி இறங்கி, ஓடிக்கொண்டிருந்த தேரில் தொற்றி, சுருண்டதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினான். மறுபடியும் குதித்து ஓடினான். அடுத்த முடக்கில் அடுத்த பக்கம். சேறு முழங்கால் வரைக்கும். தலையில் ஒரு பன்ன இலை. நாலாவது லயத்துக்கு வரும்போது அவன் கேட்காமலேயே ஆட்கள் அணையில் ஏறி வெட்டிப் போட்டார்கள். அவன் கட்டிக்கொண்டே வந்தான். தேர் ஒரு பக்கம் வாட வாட மறுபக்கம் பச்சையாகிக்கொண்டு போனது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேர் பார்க்க வந்திருந்த ஒருவர் மாயாண்டியின் காதருகே குனிந்தார். "யாரு தலைவரே அந்தப் பையன்? எங்க திருவிழாவுக்குக் கெடைப்பானா?"

மாயாண்டி அழகன் பக்கம் திரும்பி, "என்னா சொல்ற? அடுத்த வருஷமும் இவன்தானா?" என்றார்.

"வேற எவன் இப்பிடி ஓடுவான்?" என்றான் அழகன்.

தேருக்குப் பின்னால் அம்மாவோடு நடந்துகொண்டிருந்த பிரேமினிக்கு இது கேட்கவில்லை. அண்ணன் மண்ணணையின் உச்சியில் நின்று, கை நிறையப் பன்னத்தோடு, கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"றோலண்ட் அண்ணே, கொஞ்சம் மெதுவா. அம்மனுக்கு ஒன்னும் அவசரம் இல்ல."